கோச்சியும் பஸ்ஸும் நமக்கும்தான்

(தோட்ட மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குப் பேசப் போவது பஸ்ஸும் கோச்சியும்.

நலன்புரி பார்க்கிற ஆட்களுக்கு பஸ்ஸில் என்ன வேலை என்று ஒரு டிப்போவில் எங்களைக் கேட்டார்கள். வேலை இருக்கிறது. கிளினிக்குக்கு வராத தாயிடம் ஏனம்மா வரவில்லை என்று கேட்டால், பஸ் வரவில்லை என்கிறாள். ஆட்டோ பிடித்தால் ஒரு நாள் பேர் அதற்கே போய்விடும். சாதாரண தரத்தில் நன்றாகப் பாஸ் பண்ணின பிள்ளை உயர்தரத்துக்குப் போகாமல் வீட்டில் நிற்கிறாள். காரணம் கேட்டால், பின்னேர வகுப்பு முடிந்து வர கடைசி பஸ் போய்விடும், இருட்டில் தேயிலைக்குள்ளே நடந்து வர வேணும், பொம்பளைப் பிள்ளையை எப்படிங்க விடுறது என்கிறார் தகப்பன். அவர் கேட்பது நியாயம்தானே? நாங்கள் என்ன பதில் சொல்ல முடியும்? பிள்ளை மடுவமும் பால்மாவும் மட்டும் நலன்புரி என்றால், அந்தப் பிள்ளையின் படிப்பு யாருடைய கணக்கில் வரும்?

இந்த மலைக்கு ரோட்டும் தண்டவாளமும் வந்த கதையைப் பெரியவர்கள் அறிவார்கள். 1867இல் கோச்சி கண்டிக்கு வந்தது, கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகு பாதை மேலே ஏறியது. 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. சிங்கமலைச் சுரங்கத்தைக் குடைந்ததிலும் கல் உடைத்ததிலும் நம்ம முன்னோரின் கைகள் இருக்கின்றன. நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குக்கூட ஒரு சின்னக் கோச்சி ஓடியது. 1940களில் அதை மூடிவிட்டார்கள், தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது இராகலைப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவுக்குப் போகிற சனம் மலையக ஸ்டேஷன்களில்தான் தலைமன்னார் போகக் கோச்சி ஏறினது. அன்றைக்கு மேடையில் நின்று அழுதவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். நம்மைக் கொண்டுபோகக் கோச்சி இருந்தது. நம்ம பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக இல்லை. கோபம் வராமல் இருக்குமா?

இன்று தேயிலை லொறியில் போகிறது. கோச்சியோ வெள்ளைக்காரர் படம் பிடிக்கிற கோச்சியாக மாறிவிட்டது. வெளிநாட்டவர் வரட்டும், அதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் எல்ல போகிற ஆசனச் சீட்டுகளை இணையத்தில் விட்ட உடனே அள்ளிக்கொண்டு, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அதற்காக 2025 ஜனவரியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆட்களைக் கைதும் செய்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நம்ம கிழவிக்கு மூன்றாம் வகுப்பில் கக்கூஸ் கதவோரம் நிற்கத்தான் இடம் கிடைத்தது.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மண்சரிவில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்தது. எத்தனை குடும்பங்கள் எதை எதை இழந்தன என்று நாம் இங்கே சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். பாதையைத் திருத்துகிற பேச்சு வந்தபோதெல்லாம் உல்லாசப் பயணிகளின் பேச்சுத்தான் முதலில் வந்தது. கொட்டகலையில் ஏறி ஹட்டனில் இறங்குகிற பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறந்து நாங்கள் கேட்கவில்லை.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். நம்ம தோட்டத்து ரோட்டுக்கு பஸ் கேட்டுப் போனால், ரோட்டு சரியில்லை என்கிறார்கள். ரோட்டைப் போடச் சொன்னால், அது தோட்டத்து ரோட்டு என்கிறார்கள். கம்பனியிடம் போனால் பிரதேச சபையைக் காட்டுகிறது. இப்படி எத்தனை வருஷம் அலைந்தோம்! 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது உண்மை. அந்தச் சட்டத்தை 2018இல் திருத்திவிட்டார்கள். ஆகவே இனிமேல் யாராவது சட்டம் இடம் தராது என்று சொன்னால், எந்தச் சட்டம் ஐயா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பஸ் என்றால் எப்படியாவது ஒரு பஸ் வந்தால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. 2023 ஜனவரியில் இராதல்லையில் 7 பேர் போனார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த பஸ்ஸில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். வேறு பஸ் இல்லாத சனம் நிரம்பி வழிகிற பஸ்ஸில்தானே ஏறும்? ஏறாதே என்று அறிவுரை சொல்வது சுலபம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கீழ் டிவிஷனில் மாதர் சங்கத்தார் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் கணக்கு எழுதினார்கள். காலையில் 6 மணிக்கு எத்தனை பேர் சந்திக்கு நடந்தார்கள், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை, கிளினிக் எத்தனை, பின்னேரம் எத்தனை பேர் திரும்பினார்கள். அவ்வளவுதான். அதற்கு முன் நாங்கள் உருக்கமாக எழுதின மனுக்கள் எல்லாம் ஒரு பைலுக்குள்ளே தூங்கின. இந்தக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தபோது அந்த உத்தியோகத்தர் முதன்முறையாக நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களை உட்காரச் சொன்னார். ஒரு காலை பஸ் சந்தி வரைக்கும் வந்தது. மழைக்காலத்தில் வராது, ஞாயிற்றுக்கிழமை வராது. இருந்தாலும் ஒன்பது பிள்ளைகள் உயர்தர வகுப்புக்குப் போகிறார்கள்.

இனி மேல் டிவிஷனில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கொப்பி ஒன்று வேணும், அதை நாங்கள் தருகிறோம். பிரட்டுக்களத்துப் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் காலையில் எழுதட்டும், பின்னேரம் சந்திக் கடையடியில் இரண்டு பேர். தனியார் பஸ்ஸுக்கு உரிமம் கொடுப்பது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை, சிவப்பு பஸ் என்றால் டிப்போ. இரண்டு இடத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. உரிமம் உள்ள பஸ் ஏன் பாதி வழியில் திரும்புகிறது, நேர அட்டவணை என்ன என்பதையெல்லாம் 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேணும்.

வருகிற திங்கட்கிழமை எண்ணத் தொடங்குவோம். எழுதச் சம்மதிக்கிற பிள்ளைகள் கூட்டம் கலைந்த பிறகு மேசையடிக்கு வந்து பெயர் கொடுங்கள். பொம்பளைப் பிள்ளைகளும் வாங்க, பெரும்பாலும் உங்களுடைய பஸ்தான் இது.