கணினி மௌனமாக இருந்தால்தான் காது வேலை செய்யும்



"சத்தமில்லாத சின்னக் கணினி: தேவையா, ஆடம்பரமா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அன்பர், "பணம் உள்ளவனுக்குத்தான் சத்தம் தொந்தரவு" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அவர் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் கிள்ளானில் கணினி பழுது பார்ப்பவன். பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பார்வையற்றவர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் அங்கேதான். அதனால் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைப் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் தினமும் பார்க்கலாம். நண்பர் பகலில் மசாஜ் தொழில் செய்கிறார். இரவில் கணினியில் உட்கார்ந்து மின்னஞ்சல், கணக்கு வழக்கு, செய்தி எல்லாம் பார்க்கிறார். 'பார்க்கிறார்' என்றால் கேட்கிறார். என்விடிஏ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும். 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் தொடங்கியது. பிறகு ஜேம்ஸ் தே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இலவசமாகவே கொடுக்கிறார்கள். தமிழும் படிக்கும், மலாயும் படிக்கும்.

ஒரு நாள் அவர் என்னை அழைத்தார். "அண்ணே, உங்கள் திரையில் தூசி படிந்தால் துணியால் துடைப்பீர்கள். என் கணினியில் காற்றாடி சத்தம்தான் தூசி. இதை யார் துடைப்பது?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கூடம். ஒரு மூலையில் கணினி, எதிர்மூலையில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மகள், உள்ளறையில் வயதான தாயார். கணினி விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது. அதை மீறிக் கேட்க இவர் ஒலியைக் கூட்டுகிறார். மகளால் படிக்க முடியவில்லை. சரி என்று காதுக்கருவி மாட்டிக்கொண்டார். ஒரு நாள் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து கூப்பிட்டிருக்கிறார். இவர் காதில் விழவில்லை. மகள் வீட்டில் இருந்ததால் தப்பித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். இது ஆடம்பரமா?

சத்தம் எங்கிருந்து வருகிறது? சுற்றுகிற பொருளிலிருந்துதான். காற்றாடிகள், பழைய வகை வன்தட்டு, அவ்வளவே. காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். ஆகவே சின்னக் காற்றாடி வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றுவது நல்லது. 8 சென்டிமீட்டர் காற்றாடியைக் கழற்றிவிட்டு 12 சென்டிமீட்டர் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நானும் நண்பரும் அவர் மகளும் ஒரு சனிக்கிழமை கே.எல். சென்ட்ரலில் மோனோரெயில் ஏறி இம்பியில் இறங்கி, லோ யாட் பிளாசாவுக்குப் போனோம். கடைக்காரத் தம்பி முதலில் காட்டியது வண்ண விளக்கு போட்ட பெரிய பெட்டி. நண்பர் சிரித்துவிட்டார். "தம்பி, விளக்கு எனக்கு எதற்கு?" என்றார்.

நாங்கள் வாங்கியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, செயலி. 65 வாட் வகை, படக்காட்சித் திறன் உள்ளேயே அடங்கியது. தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டாம். ஒரு காற்றாடி மிச்சம். இரண்டாவது, மினி ஐடிஎக்ஸ் தாய்ப்பலகை. 2001-இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது: 17-க்கு 17 சென்டிமீட்டர். மூன்றாவது, சுழலாத எஸ்எஸ்டி சேமிப்பகம். சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். சத்தம் அறவே இல்லை. நான்காவது, தேவைக்கு மேல் திறனுள்ள மின்வழங்கி. எங்கள் கணினி கடுமையாக உழைத்தாலும் 120 வாட்டைத் தாண்டாது. 450 வாட் வாங்கினோம். சுமை குறைவாக இருக்கும்போது அதன் காற்றாடி நின்றேவிடும். ஐந்தாவது, பெட்டிக்குள் அடங்குகிற மிகப் பெரிய வெப்பத்தணிப்பான். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் எத்தனை மில்லிமீட்டர் உயரம் இடம் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, மூடி மூடவில்லை என்று என்னிடம் வருவார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டில் சோதித்து எழுதுகிறவர்களின் அறை 20 டிகிரியில் இருக்கும். நம் கூடம் மதியத்தில் 31, 32. அங்கே செயலி 65 டிகிரி காட்டினால் இங்கே 76, 77 காட்டும். பயப்பட வேண்டாம், அந்தச் சூட்டை அது தாங்கும். பயோஸ் அமைப்பில் 60 டிகிரிவரை காற்றாடி மெதுவாகவே சுற்றட்டும் என்று வைத்துவிடுங்கள். ஆனால் காற்றாடியே இல்லாத கணினி, கனமான வேலைக்கு நம் ஊர் வெப்பத்தில் சரிப்படாது.

கணினியை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். சாமி விளக்குக்கும் ஊதுபத்திக்கும் அருகில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் புகையோடு தூசி சேர்ந்தால் பசையாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காற்றாடி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இடி இடித்தால் இணைப்பைப் பிடுங்குங்கள்.

"இதற்கெல்லாம் வசதியில்லை" என்பவர்களுக்கும் வழி உண்டு. அலுவலகங்கள் கழித்துவிடுகிற, புத்தக அளவுள்ள சிறிய கணினிகள் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. ஆகவே இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதா என்று கேட்டு வாங்குங்கள். தூசி தட்டி, செயலிக்குப் புதிய வெப்பப்பசை தடவி, எஸ்எஸ்டி போட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடமே கூடத்துக்கு வந்துவிட்டது. ஒரே அறையில் ஒரு பிள்ளைக்குக் கணிதம், இன்னொன்றுக்கு மலாய். அடுக்குமாடியில் அமைதி எவ்வளவு அரிய பொருள் என்று அன்றைக்கு எல்லாரும் கண்டோம். என் நண்பர் அதைத் தினமும் கண்டுகொண்டிருந்தார்.

கணினியைப் பூட்டியவர் யார் தெரியுமா? அவரேதான். திருகாணிகளை மகள் எடுத்துக் கொடுத்தாள். தாய்ப்பலகையின் துளைகளை விரலால் தடவி அவர் முடுக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். விசையை அழுத்தினார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அண்ணே, கணினி ஓடவில்லையே" என்றார். அதற்குள் என்விடிஏ பேசத் தொடங்கிவிட்டது.

அவர் இப்போது காதுக்கருவி மாட்டுவதில்லை. உள்ளறையிலிருந்து தாயார் இருமினாலும் கேட்கிறது.

ஆகவே நெறியாளர் அவர்களே, இது தேவைதான் என்று சொல்லி அமர்கிறேன்.