மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி வயலுக்குப் போங்க
(விவசாயிகள் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் வேளாண்மை அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பூச்சிமருந்தைக் குறைங்கன்னு அரசாங்கம் சொல்லுது. பூச்சிகிட்ட யாரு சொல்றது?" என்று வாசலில் ஒரு ஐயா கேட்டார். சிரிச்சாலும் நியாயமான கேள்விதான்.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அதற்கு அடுத்த வருஷம் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. இதையெல்லாம் கேட்டுட்டு, நாளையிலிருந்து மருந்தே கிடைக்காதோ என்று சிலர் பயப்படுறாங்க. அப்படி இல்லை. ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2021-ல் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை அங்கே சட்டென்று நிறுத்தினாங்க. விளைச்சல் அடி வாங்கியது, அந்த வருஷம் நவம்பரிலேயே பின்வாங்கினாங்க.

இந்தோனேசியா போன வழி வேறு. அங்கே நெல்லில் புகையான் கட்டுக்கடங்காமல் பெருகியது. ஆராய்ந்து பார்த்தால், மருந்து அடிக்க அடிக்கச் சிலந்தி செத்தது, சிலந்தி இல்லாத வயலில் புகையான் கொண்டாட்டம் போட்டது. 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தாங்க. மருந்துக்கான மானியத்தைப் படிப்படியாக எடுத்தாங்க, விவசாயிகளுக்கு வயலிலேயே பயிற்சி கொடுத்தாங்க. விளைச்சல் குறையவில்லை. நம்ம வழியும் இதுக்குப் பக்கமா இருக்கணும் என்பதுதான் என் எண்ணம்.

சரி, நம்ம நெல்லுக்கு வருவோம். இலை சுருண்டு வெள்ளையாகத் தெரிந்தவுடனே கை தெளிப்பானுக்குப் போகுது. நட்ட 30 நாள் வரைக்கும் இலை தின்னும் புழுவுக்குப் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. பயிர் புது இலை விட்டு ஈடு கட்டிடும். அந்த நேரத்தில் அடிக்கிற மருந்து புழுவைவிடச் சிலந்தியையும் பொறிவண்டையும்தான் அதிகம் கொல்லுது. அப்புறம் புகையான் வந்தால் தடுக்க ஆள் கிடையாது.

எப்போ அடிக்கணும்? அதுக்குக் கணக்கு இருக்கு. தூர் கட்டும் பருவத்தில் இலைச் சுருட்டுப்புழுவால் 10 சதவீதம் இலை சேதமாகி இருக்கணும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். குருத்துப்பூச்சிக்கு ஒரு சதுர மீட்டரில் 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதம் நடுக்குருத்து காய்ந்திருக்கணும். புகையான் என்றால் தூருக்கு ஒன்று. சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். பாருங்க, சிலந்திக்கு நம்ம கணக்கிலேயே இடம் இருக்கு. அது கூலி கேட்காத வேலையாள்!

இதுக்குக் கீழே இருந்தால், நட்ட 30-ம் நாளும் 37-ம் நாளும் ஏக்கருக்கு 2 சிசி டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் ஒட்டுண்ணி அட்டை கட்டுங்க, குருத்துப்பூச்சி முட்டையிலேயே அழியும். வேப்பங்கொட்டைக் கரைசல் வீட்டிலேயே செய்யலாம்: ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறப்போட்டு, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயந்திரமாகத் தெளிங்க. வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு போட்டால் நன்மை செய்யும் பூச்சிக்கு வீடும் ஆச்சு, நமக்குக் குழம்புக்கும் ஆச்சு.

அப்படியும் மருந்து அடிக்க வேண்டி வந்தால், கடைக்காரர் கொடுத்ததை வாங்கிட்டு வராதீங்க. டப்பாவில் முக்கோணத்தைப் பாருங்க. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எந்தப் பயிருக்கு என்றும் அதிலேயே எழுதியிருக்கும். மோனோகுரோட்டோபாஸை காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே சொல்லிவிட்டது. பில் கேட்டு வாங்குவது உங்க உரிமை. பில் இல்லாமல், மருந்து போலி என்று எங்ககிட்ட வந்தால் நாங்க நடவடிக்கை எடுக்கிறது சிரமம்.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. மீதி மருந்தைக் கட்டிலுக்கு அடியிலும் அடுப்படி மாடத்திலும் வைக்கிறோம். ஒரு சண்டை, ஒரு கடன்காரன் வந்த நாள், பரீட்சையில் தோற்ற பிள்ளை... கை எட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது. தற்கொலைகளைத் தடுக்கத்தான் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உட்பட 6 மருந்துகளைத் தமிழ்நாடு அரசு 60 நாள் தடை செய்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன்படி மாநில அரசு நிரந்தரத் தடை போட முடியாது. அது மத்திய அரசின் அதிகாரம். அதனால் பூட்டும் சாவியும் நம்ம கையில்தான். தேவைக்கு மேல் வாங்காதீங்க. வாங்கினதை வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்க.

தெளிக்கிற கூலிக்காரர் பக்கமும் பாருங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வெறுங்கையோடு, காற்றுக்கு எதிரே அடிக்கிறார். கையுறை, முகமூடி வாங்கிக் கொடுப்பது வயல்காரர் பொறுப்பு.

பயிரில் சந்தேகம் வந்தால் 1800-180-1551 கிசான் அழைப்பு மையத்துக்குப் பேசுங்க, தமிழிலேயே பதில் சொல்வாங்க, கட்டணம் கிடையாது. உழவன் செயலியும் இருக்கு. ஒட்டுண்ணி அட்டை எங்கே கிடைக்கும் என்று உங்க வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே கேட்டுடுங்க. நட்ட 30-ம் நாள் காலையில் வந்து கேட்டால் கையில் இருக்காது.

இப்போ டீ குடிச்சிட்டு எல்லாரும் பக்கத்து வயலுக்கு வாங்க. ஆளுக்குப் பத்து குத்து பார்த்து, புழு எத்தனை, சிலந்தி எத்தனை என்று எழுதிக்கிட்டு வரலாம்.