கணினியிலிருந்து கைத்தொலைபேசிக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் படித்த காலத்தில் இந்தக் கல்லூரியில் இருந்தது ஒரேயொரு கணினி. பூப்போட்ட சீலையால் மூடி வைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகலாம். இன்று இங்கே இருக்கும் ஒவ்வொருவரின் கைப்பையிலும் அதைவிடப் பல மடங்கு வலுவான கணினி கிடக்கிறது. ஆனால் அந்தப் பெரிய கணினிக்கு எழுதிய நிரலை அப்படியே தூக்கிக் கைத்தொலைபேசியில் வைக்க முடியாது. ஏன் முடியாது என்பதை ஒரு உண்மைக் கதை கொண்டு சொல்கிறேன். என் சொந்தப் பிழையும் அதற்குள் வரும்.

கியூட் என்று ஒரு மென்பொருள் சட்டகம் உண்டு. பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி எல்லாவற்றையும் ஆயத்தமாகத் தரும். 1991 இல் நோர்வேயில் ஹோவர்ட் நூர்ட், ஐரிக் சாம்பே எங் என்ற இருவர் எழுதத் தொடங்கினார்கள். 1995 இல் முதன்முதலாக வெளியிட்டார்கள். ஒருமுறை எழுதினால் வின்டோஸிலும் லினக்ஸிலும் மக்கிலும் ஓடும். திறந்த மூலமாகவும் கிடைப்பதால் சம்பளம் குறைந்த எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டியது. படம் பார்க்க நீங்கள் பாவிக்கும் வீஎல்சீ கூட இதன் மேல்தான் நிற்கிறது.

2008 இல் நோக்கியா இதை வாங்கியது. தன் தொலைபேசிகளுக்கு இதுவே அடித்தளம் என்றது. பிறகு 2011 பெப்ரவரியில், இனி நாங்கள் மைக்ரோசொஃப்டின் பக்கம் என்று அறிவித்துவிட்டது. கியூட்டை நம்பிப் படித்தவர்கள் எல்லோரும் வாயடைத்துப் போனோம். அதே மாதம்தான் ருமேனியாவைச் சேர்ந்த பொக்டான் வத்ரா என்ற நிரலாளர், அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு கியூட்டைக் கொண்டுவரும் நெசெசிட்டாஸ் என்ற தம் வேலையை வெளியிட்டார். நோக்கியாவின் போட்டியாளருடைய தொலைபேசிக்கு! பெரிய நிறுவனம் கைவிட்டதை ஒரு தனி ஆள் தூக்கி நிறுத்தியதை இன்று நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

அவர் எதனோடு மல்லுக்கட்டினார்? கணினியில் ஒரு நிரலுக்குத் தலைவாசல் உண்டு. அங்கிருந்து தொடங்கும், முடிக்கச் சொன்னால் முடியும். அன்ட்ரொயிட்டில் அந்த வாசல் இல்லை. அங்கே வீட்டுக்காரி ஜாவா. சீ பிளஸ் பிளஸில் எழுதிய கியூட் விருந்தாளியாக, ஒரு நூலகமாகத்தான் உள்ளே போகலாம். ஆகவே ஜாவாவில் ஒரு சிறு முகப்பை எழுதி, அது கியூட் நூலகத்தை ஏற்றி, தனி இழையில் ஓடவிட வேண்டும். திரையைத் தொட்டால் செய்தி ஜாவாவின் இழைக்கு வரும், அங்கிருந்து கியூட்டின் இழைக்குப் போகும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருந்தால் திரை உறைந்துவிடும். போதாததற்கு, லினக்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் சில வசதிகள் அன்ட்ரொயிட்டின் அடிப்படை நூலகத்தில் இல்லை. அப்போது கியூட் நூலகங்களும் அந்தக் காலத்துத் தொலைபேசிகளுக்குப் பெரிய சுமை. அதனால் மினிஸ்ட்ரோ என்ற ஒரு துணைச் செயலி அவற்றை ஒருமுறை இறக்கி, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகக் கொடுத்தது.

2012 இல் கியூட் பின்லாந்தின் டிஜியா நிறுவனத்திடம் போனது. 2013 யூலையில் 5.1 பதிப்பில் அன்ட்ரொயிட் ஆதரவு முன்னோட்டமாக வந்தது, டிசெம்பரில் 5.2 இல் முழுமையாக வந்தது. அடுத்த வருடம் நாங்கள் அதைக் கையில் எடுத்தோம்.

எங்கள் வேலை மலையகத்தில். கொழுந்து நிறுவையைப் பதியும் நிரல் ஒன்று தோட்டத்து அலுவலகக் கணினியில் ஏற்கெனவே ஓடியது. அதை மலைக்கே கொண்டுபோக வேண்டும், நிறுக்கும் இடத்திலேயே பதிய வேண்டும் என்றார்கள். பெயர்த்தது எதிர்பார்த்ததைவிடச் சுலபம். தமிழ்ப் பெயர்கள்கூட ஒழுங்காக வந்தன. தமிழில் மெய்க்குப் பிறகு சேமிக்கப்படும் கொம்பை முன்னால் வரைய வேண்டுமல்லவா? பழைய தொலைபேசிகள் பலவற்றில் 'செல்வி' உடைந்து கிடப்பாள். கியூட் அந்த வேலையைத் தன்னோடு கொண்டுவரும் ஹார்ஃப்பஸ் நூலகத்தால் செய்கிறது. எழுத்துருவையும் செயலிக்குள்ளேயே வைத்தோம். தங்கள் பெயரைத் திரையில் பார்த்து அக்காமார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பரீட்சார்த்த நாளன்று கங்காணியிடம் கொப்பி வேண்டாம் என்றேன். என் பிழை அதுதான்.

காலை நிறுவை சரி, பகல் நிறுவை சரி. பின்னேர நிறுவை முடியும்போது அந்தத் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசி முடித்துச் செயலியைத் திறந்தால் பின்னேரக் கணக்கு முழுவதும் வெறுமை. கணினியில் எங்கள் நிரல் 'மூடு' என்றதும் கோப்பில் எழுதும். தொலைபேசியில் யாரும் மூடுவதில்லை. நினைவகம் போதாவிட்டால் பின்னால் நிற்கும் செயலியை அன்ட்ரொயிட் சொல்லாமல் கொல்லும். நாங்கள் எழுதக் காத்திருந்த அந்தக் கணம் வரவேயில்லை.

கிலோ குறைந்தால் முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான். நான் அழாத குறை. அப்போது ஒரு அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நான் பதினொரு கிலோ போட்டேன் புள்ள, எழுதிக்க" என்றார். அடுத்தவர் ஒன்பது என்றார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லக் கங்காணியின் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதினேன். அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். சொன்னதை எப்படி நம்புவது? லொறியில் போன கொழுந்தைத் தொழிற்சாலையில் தனியாக நிறுப்பார்கள். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கினேன். அக்காமார் சொன்ன கூட்டுத்தொகைக்கும் அதற்கும் மூன்று கிலோதான் வித்தியாசம். எல்லோருக்கும் முழுப் பேர் போட்டார்கள்.

அன்றிரவே நிரலைத் திருத்தினோம். ஒவ்வொரு நிறுவையும் திரையில் தெரியுமுன் தரவுத்தளத்தில் எழுதப்படும். செயலி பின்னால் போகப் போகிறது என்று கியூட் ஒரு சமிக்ஞை தரும், அதையும் கேட்டுக்கொண்டோம். மொத்தம் நாற்பது வரி இருக்கும். மறுநாள் வேண்டுமென்றே நிறுவைக்கு நடுவில் நானே அந்தத் தொலைபேசிக்கு ஐந்து தடவை அழைப்பெடுத்தேன். ஒரு கிலோவும் போகவில்லை.

கங்காணி மட்டும் கொப்பியைத் திரும்பவும் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.