முத்திரையை நம்பி வாங்குவோர்

ஊவா மாகாணத்தில், ஒஹியாவுக்கும் அப்புத்தளைக்கும் இடையே இதல்கஸ்ஹின்ன என்றொரு சிறு புகையிரத நிலையம் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டத்தில் 1980களின் பிற்பகுதியிலேயே இரசாயன உரத்தையும் களைகொல்லியையும் விலக்கிச் சேதன முறைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார்கள். அத்துறையில் உலகின் முன்னோடித் தோட்டங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

இத்தகைய தேயிலையை ஜெர்மனி நாட்டுக் கடையொன்றில் ஒரு மாது வாங்குகிறாள் என்று நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவள் இம்மலையைக் கண்டவளல்லள். நாவினால் சுவைத்து, இது சேதனத் தேயிலை என்று துணிந்து கூறவும் அவளால் இயலாது. ஆயினும் கூடுதல் விலை கொடுக்கிறாள். ஏன்? பொதியின் மேலுள்ள முத்திரையை நம்புகிறாள். தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிர், நிலம் மூன்றாண்டுகள் இரசாயனமின்றிப் பேணப்பட்ட பின்னரே ஐரோப்பிய விதிப்படி அம்முத்திரையைப் பெறும். அந்த மூன்றாண்டுகளில் விளைச்சல் குறையும். உயர்ந்த விலையோ இன்னும் வந்து சேராது. மண்ணின் நலத்தைக் காட்டிலும் தன் குழந்தையின் உடல்நலமே அவள் மனத்தில் முந்தி நிற்கக்கூடும். அதிலே குறை காண்பதற்கில்லை.

இனி, பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் பெண்ணைப் பார்ப்போம். அவளும் கடைக்குச் செல்பவளே. தலைக்கு இடும் ஷாம்புவைச் சிறு பிளாஸ்திக் பைக்கற்றாகவே வாங்கி வந்தாள். பெரிய போத்தல் வாங்கினால் கணக்கில் இலாபம் என்பதை அறியாதவளா அவள்? ஒரே தடவையில் அத்தனை பணத்தை எடுத்து வைக்க வழியில்லை, அவ்வளவுதான். 2021ஆம் ஆண்டில், உணவும் மருந்தும் நீங்கலாக, 20 கிராமும் அதற்குக் குறைந்ததுமான பைக்கற்றுகளை அரசாங்கம் தடைசெய்தது. குப்பையைக் குறைக்க வேண்டியது அவசியந்தான். ஆனால், சிறிய அளவில் வாங்கும் தேவை தடையினால் மறைந்துவிடுமா? வீட்டிலிருந்து கொண்டுவரும் போத்தலில் அளந்து ஊற்றித் தரும் கடை அருகில் இருந்தால், எவரும் போதியாமலே அவள் அங்கே செல்வாள்.

அதே 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பர் மாதத்திற்குள் தடை நீக்கப்பட்டது. இதல்கஸ்ஹின்னவில் ஆண்டுக்கணக்கில் மண்ணைப் பழக்கிச் செய்த காரியத்தை நாடு முழுவதும் ஒரு போகத்தில் செய்ய முற்பட்டதன் விளைவு அது. சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே பல கமக்காரர் முகஞ்சுளிக்கும் நிலை வந்ததும் அதன் பின்னர்தான்.

இன்னொரு விடயமும் உண்டு. களைகொல்லி தெளிக்காத மலையில் களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும். சேதன முத்திரை மண்ணைப் பற்றிச் சான்று கூறும். களை பிடுங்கியவரின் கூலியைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. நியாய வர்த்தக முத்திரை வேறொன்று. அதன்வழி வரும் மேலதிகத் தொகையை எதற்குச் செலவிடுவதென்று தொழிலாளர் பிரதிநிதிகள் அமர்ந்த குழுவே தீர்மானிக்கிறது. ஒரே பொதியில் இவ்விரண்டு முத்திரைகளையும் தேடிப் பார்த்து வாங்குவோர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.