தூதரை உருவாக்கும் படிப்பு



வெளியுறவுப் பணியில் சேர என்ன படிக்க வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்டால், பேராசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் ஒரு பயிற்சி மையத்தின் முகவரியைத்தான் சொல்லி அனுப்புகிறோம். இது நம் பொறுப்பைக் கைகழுவும் செயல் என்றே நான் கருதுகிறேன்.

இப்பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வின் அமைப்பைப் பாருங்கள். ஏதேனும் ஒரு பட்டமும் 21 வயதும் இருந்தால் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். முதல்நிலைத் தேர்வு வடிகட்டுவதோடு சரி. முதன்மைத் தேர்வுக்கு 1,750, ஆளுமைத் தேர்வுக்கு 275, ஆக 2,025 மதிப்பெண்ணில் தரவரிசை அமைகிறது. தமிழிலேயே எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். கட்டாயத் தாள்களில் பன்னாட்டு உறவுகளோ பொது அறிவின் இரண்டாம் தாளில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அயல்மொழி அறிவுக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே வெளியுலகைப் பற்றி மிகக் குறைவாகப் படித்தவரும் தூதராகிவிட முடியும். எந்தப் பாடம் படித்தவரும் வரலாம் என்பது நல்லதே. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் இளங்கலையில் படித்தது வேதியியல். ஆனால் அதன்பின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் முனைவர் பட்டம் வரை படித்தார். அந்த இரண்டாம் படிப்பைத் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை.

தேர்ச்சி பெற்றவர்கள் முசௌரியிலும், பிறகு தில்லியில் சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்திலும் பயிற்சி பெறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அயல்மொழி ஒதுக்கப்படுகிறது. அதில் தேறிய பிறகே பணி உறுதியாகும். அரபையோ சீனத்தையோ முப்பதை நெருங்கும் வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எத்தனை கடினம்! பதினெட்டு வயதில் நம் வகுப்பறையில் தொடங்கியிருக்கலாமே.

வாசல் இது ஒன்றுதான் என்பதுமில்லை. பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு வழியாக வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து, தூதரகங்களில் பணியாற்றி, பதவி உயர்வில் மேலே வரலாம். சட்டம் படித்தவர்களுக்கு அங்கே சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவு உண்டு. நம் கல்லூரிகளில் இவற்றை எடுத்துச் சொல்வார் இல்லை.

படிப்பு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சொல்கிறேன். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்பாடு, இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்ட 9,75,000 பேரின் கதியைத் தீர்மானிக்க முற்பட்டது. 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. பத்தாண்டு கழித்து அந்த மிச்சத்தையும் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாயகம் திரும்பியவர்கள் என்று பெயரிட்டு அழைத்து வரப்பட்ட பலர் அதுவரை இந்திய மண்ணை மிதித்தவர்களே அல்லர். தூதாண்மை பயிலும் மாணவர் அந்த உடன்பாட்டின் மூலப் பாடத்தை வரிவரியாகப் படிக்கட்டும். பிறகு கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய், அந்த வரிகளால் இடம் பெயர்ந்த குடும்பங்களிடம் பேசட்டும். ஒப்பந்தத்தில் எழுதும் ஓர் எண் எத்தனை வீடுகளைப் பிரிக்கும் என்பதை எந்த வினா வங்கியும் கற்றுத் தராது.

இன்னொரு குறையையும் மனம் நொந்தே சொல்கிறேன். கச்சத்தீவைப் பற்றியும் மீனவர் கைதைப் பற்றியும் நாம் பேசாத நாளில்லை. ஆனால் கொழும்பின் சிங்கள நாளிதழை எடுத்து வாசிக்கத் தெரிந்த ஆய்வு மாணவர்கள் நம்மிடம் எத்தனை பேர்? எதிர்த்தரப்பு தன் மக்களிடம் தன் மொழியில் என்ன சொல்கிறது என்று தெரியாமல் பேச்சுவார்த்தை மேசையில் அமர முடியாது. வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல், இக்காமா எனும் வசிப்பு அனுமதி காலாவதியாகி, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்து நிற்கும் நம் தொழிலாளிக்காக வாதாடும் அலுவலருக்கு அரபு தெரிந்திருப்பதும் அதேபோல் இன்றியமையாதது.

மாணவியருக்கு ஒரு சொல். சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்துகொள்ளப் பெண் அலுவலர் அரசின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும் என்ற விதியை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அத்தகைய விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். இன்று நீங்கள் தடையின்றி நுழையும் வழி முத்தம்மா போராடித் திறந்தது.

இன்றைய கருத்தரங்கில், அயல்மொழிப் பாடங்களைப் பற்றிய முதல் அமர்வில், சிங்களம், அரபு, பர்மியம் ஆகியவற்றுள் ஒன்றையாவது அடுத்த கல்வியாண்டிலேயே இளங்கலையில் தொடங்குவதற்கான பாடத்திட்ட வரைவை உருவாக்குமாறு வேண்டுகிறேன். ஆசிரியர் எங்கே கிடைப்பார், நிதி யார் தருவார் என்பதையும் அங்கேயே பேசி முடிவெடுங்கள். இந்தக் கருத்தரங்கை மகிழ்ச்சியோடு தொடங்கி வைக்கிறேன்.