பிரவுசர் மூடிக்கொண்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள்

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோருக்கும் மாணவருக்கும் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

இன்னைக்கு மழையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. மலையில் நின்று வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிற அக்காமாரும் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறேன். வீட்டில் இருக்கிற கொம்பியூட்டரில் இன்டர்நெட் பார்க்கும்போது அந்தப் பிரவுசர் திடீர் திடீரென்று மூடிக்கொள்கிறதே, அதை எப்படிச் சரி பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

"இது ஒரு பேச்சா?" என்று சில பேர் நினைக்கலாம். ஏன் இதைப் பேச வந்தேன் என்று முதலில் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு நம் லயங்களிலும் போனும் கொம்பியூட்டரும் படிப்புக்குத் தேவையான சாமான்களாகிவிட்டன. சீட்டுப் பிடித்து, கடன் வாங்கி, பழைய கொம்பியூட்டரை வாங்கிக் கொடுத்த பெற்றோர் இங்கேயே இருக்கிறீர்கள். அப்படி வாங்கிய ஒரு வீட்டில் நடந்த கதை இது. பேர் சொல்ல மாட்டேன்.

அந்த வீட்டுப் பிள்ளை உயர்தரம் சித்தியடைந்திருந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையம் வழியாக நிரப்ப வேண்டும். முடிவு நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. பிள்ளை உட்கார்ந்து எழுத எழுத, பாதியில் பிரவுசர் மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் எழுதியது இருக்காது. மூன்று இரவு இப்படியே போயிற்று. தகப்பனுக்குக் கோபம். "நீதான் என்னத்தையோ போட்டுக் கெடுத்துட்டே" என்று திட்டி, கொம்பியூட்டரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். தாய் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அதைச் சுமந்துகொண்டு டவுனுக்குப் போனார். கடையில் பார்த்தவர், "மதர்போர்ட் போயிட்டுது, 25,000 ரூபா ஆகும்" என்றார். அந்த அக்கா தோட்டை அடகு வைக்கிற யோசனையோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, அடகுக் கடைக்குப் போறதுக்கு முந்தி நீ ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போ" என்றார்.

போய்ப் பார்த்தேன். அங்கே நான் செய்ததையே இப்போது வரிசையாகச் சொல்லப் போகிறேன். கொப்பி வைத்திருக்கிற பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பிழை எங்கே என்று பிரித்துப் பாருங்கள்

பெக்டரியில் ரோலர் நின்றுவிட்டால் உடனே புது ரோலருக்குச் சொல்லி அனுப்புவார்களா? மாட்டார்கள். கரண்ட் வருகிறதா, பெல்ட் அறுந்திருக்கிறதா, இலையை அளவுக்கு மேல் போட்டுவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கொம்பியூட்டரும் அப்படித்தான்.

மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே ஒரு பக்கத்தைத் திறந்தால் மட்டும் மூடிக்கொள்கிறதா? அப்படியானால் பிழை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்; நம் வீட்டில் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் மூடுகிறது, ஆனால் வேறொரு பிரவுசரில் சரியாக வேலை செய்கிறதா? அப்போது பிழை அந்தப் பிரவுசரில் இருக்கிறது. பிரவுசர் மட்டுமில்லை, எழுதுகிற வேலை, படம் பார்க்கிற வேலை எல்லாமே தடுமாறுகிறதா, நீலத் திரை வந்து தானாக நின்றுவிடுகிறதா? அப்போதுதான் இயந்திரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

அந்த வீட்டில் எழுத்து வேலை அரை மணித்தியாலம் செய்து பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லை. பிரவுசர் மட்டும்தான் விழுந்தது. "அக்கா, மதர்போர்ட் போனமாதிரித் தெரியல்ல, பொறுங்க" என்றேன்.

ரீஸ்டார்ட் கொடுங்கள்

இது சின்ன விடயம், ஆனால் பல பேருக்குத் தெரியாது. விண்டோஸ் 10, 11இல் ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகக் கொஞ்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே "நேத்து ராவு அணைச்சிட்டுத்தானே படுத்தோம்" என்று சொல்லாமல், ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

கூடைக்கு மேல் கொழுந்து

கொம்பியூட்டரில் ராம் என்று ஒரு நினைவகம் இருக்கிறது. அதைக் கூடை என்று வைத்துக்கொள்வோம். கூடை கொள்கிற அளவுக்குத்தான் கொழுந்து போடலாம். பிரவுசரில் நாம் திறந்து வைக்கிற ஒவ்வொரு பக்கமும் அந்தக் கூடைக்குள் விழுகிறது. பத்துப் பதினைந்து பக்கத்தைத் திறந்துவிட்டு, வீடியோவையும் ஓடவிட்டால் கூடை நிரம்பிவிடும். அப்போது பக்கம் விழுந்து, குரோம் பிரவுசரில் "ஆவ் ஸ்னாப்" என்று ஒரு சோகமான முகம் வரும்.

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி என்ற இடத்தில் எத்தனை வீதம் என்று காட்டும். எப்போதும் 90க்கு மேலே நின்றால் கூடை போதாது என்று அர்த்தம். குரோமுக்குள் எந்தப் பக்கம் அதிகம் தின்கிறது என்று பார்க்க, ஷிப்டும் எஸ்கேப்பும் அழுத்துங்கள். தேவையில்லாததை மூடுங்கள். குரோமின் செட்டிங்ஸில் மெமரி சேவர் என்று ஒன்றும் உண்டு. அதைப் போட்டு வைத்தால், பார்க்காமல் கிடக்கிற பக்கங்களை அதுவே ஓய்வில் விடும்.

அந்த வீட்டில் ராம் 2 ஜிபிதான் இருந்தது. பக்கங்களை மூடினேன். கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் பத்து நிமிடத்தில் மறுபடி விழுந்தது.

ஒட்டி வளர்கிற குருவிச்சை

மரத்தில் குருவிச்சை ஒட்டி வளர்வதுபோல, பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்று சில துணைச் செயலிகள் ஒட்டிக்கொள்கின்றன. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் அழுத்தினால் இன்கொக்னிடோ என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். நாம் தனியாக அனுமதி கொடுத்தாலொழிய, அதற்குள் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யாது. பயர்பொக்ஸ் என்றால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும்; டிரபிள்ஷூட் மோட் என்று கேட்கும்.

கறுப்பு ஜன்னலில் விழாமல், சாதாரண ஜன்னலில் மட்டும் விழுந்தால் எக்ஸ்டென்ஷனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதைக் கழற்றி எறியுங்கள்.

அந்த வீட்டில் கறுப்பு ஜன்னல் அரை மணித்தியாலம் விழாமல் நின்றது. எக்ஸ்டென்ஷன் ஐந்து இருந்தன. மூன்றாவதைப் போட்டதும் விழுந்துவிட்டது. அது வீடியோ இறக்குகிற ஒன்று. "ஏம்மா இதைப் போட்ட?" என்று பிள்ளையைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "பாட வீடியோவை ஒவ்வொரு தடவையும் பார்த்தா டேட்டா காசு கூடப் போகுது அண்ணே. ஒருக்கா இறக்கி வெச்சா தங்கச்சியும் பார்க்கலாம்னு போட்டேன்."

அந்தத் தகப்பன் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

பிள்ளை செய்தது பிழைதான், ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. காசை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை. பெற்றோரே, பழுது வந்தால் முதலில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை எதைப் போட்டோம் என்று பிள்ளை சொல்லாது. சொல்லாவிட்டால் பழுதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டமாகிவிடும்.

இன்னும் பார்க்க வேண்டியவை

இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லையா? அப்போது இவற்றைப் பாருங்கள்.

பிரவுசரைப் புதுப்பியுங்கள். ஹெல்ப் என்ற இடத்தில் அபவுட் என்பதைத் திறந்தால் அதுவே புதுப் பதிப்பைத் தேடும். அடுத்து, கன்ட்ரோல், ஷிப்ட், டிலீட் அழுத்திச் சேர்ந்த குப்பையைத் துடையுங்கள். கவனம்: பாஸ்வேர்ட் என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டுவிடாதீர்கள், கேஷ் என்பதை மட்டும் துடைத்தால் போதும்.

வீடியோ பார்க்கும்போது மட்டும் விழுகிறது, திரை கறுத்துப்போகிறது என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் அக்சலரேஷன் என்பதை நிறுத்திப் பாருங்கள். பழைய கொம்பியூட்டர்களில் இது அடிக்கடி வருகிற காரணம்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கலியாண வீடியோ, திருவிழா வீடியோ எல்லாம் அதில் நிறைந்திருந்தால் பிரவுசருக்கு மூச்சுவிட இடமிருக்காது. பிறகு விண்டோஸிலேயே இருக்கிற செக்கியூரிட்டியைக் கொண்டு ஒரு முழு வைரஸ் சோதனை செய்யுங்கள். ஊர்முழுக்கச் சுற்றி வருகிற பென் டிரைவ்களில் வைரஸும் சேர்ந்து வரும்.

"உங்க கொம்பியூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு எடுங்க" என்று திரையில் வந்தால் யாரும் எடுக்காதீர்கள். அது பழுது பார்க்கிறவன் இல்லை, காசு பறிக்கிறவன். பிரவுசரை மூடிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் ஓடுகிற கடைசிக் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஆவது பதிப்பு. பழைய பிரவுசரில் புதிய பக்கங்கள் தடுமாறத்தான் செய்யும். விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. புது இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய கொம்பியூட்டர் வாங்கப் போகிறவர்கள் விலையை மட்டும் கேட்காமல், எந்த விண்டோஸ், ராம் எத்தனை ஜிபி என்றும் கேளுங்கள்.

கடைசியாக இயந்திரம். நம் மலையில் ஈரம் அதிகம். சமையல் புகையும் தூசியும் விசிறியில் படிந்து, சூடு வெளியே போகாமல் நிற்கும். ராம் துண்டு பொருந்துகிற இடத்திலும் ஈரம் பிடிக்கும். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, தெரிந்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டி, ராம் துண்டைக் கழற்றித் திரும்பச் சரியாகப் பொருத்தினாலே பல பழுது தீர்ந்துவிடும். விண்டோஸில் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடினால், ராம் நல்லதா கெட்டதா என்று அதுவே சோதித்துச் சொல்லும். லய வீட்டில் சுவரோடும் அடுப்போடும் ஒட்டிக் கொம்பியூட்டரை வைக்காதீர்கள்.

ஒரு செக்ரோல் வையுங்கள்

நம் பேரைக் கணக்குப்பிள்ளை செக்ரோலில் எழுதுகிறார் இல்லையா? அதுபோல் ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தது, என்ன திறந்திருந்தது, திரையில் என்ன எழுதி வந்தது, அதற்கு முதல் நாள் புதிதாக என்ன போட்டோம். நாலு நாள் எழுதினால் காரணம் தானாகத் தெரியும். கடைக்குப் போனாலும் அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள். எழுதி வைத்திருக்கிறவரை ஏமாற்றுவது லேசான காரியமில்லை. "பார்த்தேன், போயிட்டுது" என்று மட்டும் சொன்னால், "எப்படித் தெரியும், காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

விண்ணப்பம் நிரப்புகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விடைகளை முதலில் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்து ஏற்றுங்கள். சேவ் பண்ண இடமிருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சேவ் பண்ணுங்கள். முடிவு நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்குக் கரண்டும் போகும், சிக்னலும் போகும்.

அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் முடிவு நாளுக்கு முதல் நாள் ராத்திரி போய்ச் சேர்ந்தது. தோடு அக்காவின் காதிலேயே இருக்கிறது. மதர்போர்ட் மாற்றவில்லை. அடுத்த மாதம் சம்பளத்தில் பழைய ராம் துண்டு ஒன்று வாங்கிப் போட்டார்கள். இருந்த துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே வகை கேட்டு வாங்கினார்கள். வகை மாறினால் பொருந்தாது.

இப்போது அந்தத் தகப்பனுக்கே டாஸ்க் மேனேஜர் திறக்கத் தெரியும். பக்கத்துக் காம்பராவில் பிரவுசர் விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். போனதும் அவர் முதலில் கேட்கிற கேள்வி, "புள்ளையத் திட்டினீங்களா?" என்பதுதானாம்.

கேள்வி இருக்கிறவர்கள் தயங்காமல் கேளுங்கள். கொம்பியூட்டர் கொண்டுவந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.