காந்தம் கட்டினால் டீசல் மிச்சமாகுமா?



நவரைக்குச் சேறு அடிக்கிற காலம் வந்துவிட்டால் தாம்பரத்தில் எங்கள் பட்டறைக்கு டிராக்டர்கள் வரிசையாக வரும். மணிமங்கலம், சோமங்கலம், படப்பை என்று ஏரிப் பாசனத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பேசுகிற பேச்சு ஒன்றுதான். "டீசல் விலை தாங்கலை. வண்டி இப்படிக் குடிக்குதே, என்ன செய்யலாம்?" என்பார்கள்.

இந்தக் கவலையை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. டீசல் குழாயில் கட்டுகிற காந்தம், டேங்கில் ஊற்றுகிற மருந்து, காற்றுக் குழாயில் சொருகுகிற விசிறி, தண்ணீரிலிருந்து வாயு எடுக்கிற பெட்டி என்று பல தினுசு. நூற்றுக்கு முப்பது மிச்சம் என்று அட்டையில் போட்டிருக்கும். இது உண்மைதானா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

போன வருஷம் ஒரு பெரியவர் டிராக்டரோடு பட்டறைக்கு வந்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 2,500 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி காந்தம் வாங்கி, டீசல் குழாயில் கட்டியிருந்தார். "தம்பி, கட்டின நாள்லேருந்து ஏக்கருக்கு ஒரு லிட்டர் மிச்சம். வேணும்னா நீயே பாரு" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. "ஐயா, அன்னைக்கு வேற என்னென்ன வேலை பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஏர் கிளீனரைக் கழுவி ஆயில் மாற்றினாராம். டீசல் பில்டரும் புதுசு போட்டாராம். பழைய டிரைவர் நின்றுவிட்டதால் மகனே ஓட்டுகிறானாம். "அப்படின்னா மிச்சம் பிடிச்சது காந்தமா, ஏர் கிளீனரா, உங்க மகனா?" என்றேன். சிரித்துவிட்டார். பிறகு காந்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று ஏக்கர் உழுது பார்த்தார். அந்த ஒரு லிட்டர் மிச்சம் அப்படியே இருந்தது.

இப்போது காரணத்தைப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு டீசல் ஊற்றினால், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினில் வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். அது எஞ்சினுடைய இயல்பு. விற்கிறவர் என்ன சொல்கிறார்? "டீசல் முழுசா எரியறதில்லை, எங்க சாமான் முழுசா எரிய வைக்கும்" என்கிறார். நல்ல நிலையில் இருக்கிற எஞ்சினில் எரியாமல் போகிற டீசல் அந்த 100 ரூபாயில் 2 ரூபாய்க்குக்கூட இருக்காது. இரண்டு ரூபாய் இருக்கிற இடத்திலிருந்து முப்பது ரூபாயை எப்படி எடுக்க முடியும்?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காந்தம் இரும்பை இழுக்கும், டீசலை இழுக்காது. டீசல் அதன் வழியாகப் போனாலும் எரிகிற குணம் மாறாது. அடுத்தது விசிறி. காற்று சுழன்று போகவேண்டும் என்பது எஞ்சின் செய்தவர்களுக்கும் தெரியும், அதற்கு ஏற்றபடிதான் காற்று வழியை அமைத்திருக்கிறார்கள். நடுவில் விசிறியைச் சொருகினால் காற்றுக்குத் தடைதான். தண்ணீரிலிருந்து வாயு எடுக்கிற பெட்டிக்குக் கரண்டு வேண்டும். அந்தக் கரண்டு டைனமோவிலிருந்து வருகிறது. டைனமோவைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினைச் சுற்றுவது டீசல். கிணற்றில் இறைத்த தண்ணீரை அதே கிணற்றில் ஊற்றுகிற கதைதான் இது. வழியில் சிந்துகிறது மட்டும் நமக்கு நஷ்டம்.

ஊர்ப்பக்கம் சிலர் டேங்கில் பாச்சை உருண்டை போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். டீசல் என்பது சட்டென்று பற்றவேண்டிய எண்ணெய். பாச்சை உருண்டையில் இருக்கிற நாப்தலீன் அந்த வகையில் மட்டமான சரக்கு, பற்றுவதற்குத் தாமதமாகும், புகை கட்டும். மண்ணெண்ணெய் கலப்பதும் கெடுதல்தான். டீசல் பம்புக்கு டீசலே மசகு. அதை நீர்க்கச் செய்தால் பம்பு தேயும். சேற்று உழவு நடுவில் பம்பு போய், வண்டி கிடைக்காமல் நாற்று முற்றிப்போனவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மிச்சம் பிடிக்கப் பார்த்தது சில நூறு ரூபாய். போனது ஒரு பட்டம்.

எல்லா மருந்தும் பொய்யா என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. நாசிலில் அழுக்கு அடைத்திருந்தால் அதைக் கரைக்கிற மருந்து உண்டு. அது இழந்ததை ஓரளவு மீட்டுக் கொடுக்கும். புது வண்டியில் இல்லாத சக்தியை எந்த மருந்தும் கொடுக்காது. மோட்டார் சைக்கிளுக்கும் இதே நியாயம்தான். இப்போது பெட்ரோலில் 20 சதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். சின்னப் பாட்டில் மருந்து அந்தச் சக்தியைத் திருப்பித் தராது.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1970-களிலிருந்து இப்படிப்பட்ட சாமான்களில் நூற்றுக்கு மேல் ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியது ஒன்றுகூட இல்லை என்பதுதான் முடிவு. நம்ம ஊர் சங்கதியும் மறந்திருக்காது. 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை என்பவர், மூலிகையைத் தண்ணீரில் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்றார். நாடே அதைப் பற்றிப் பேசியது. பெரிய பெரிய ஆட்களும் நம்பினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நாம் இன்னும் பங்க்கில்தான் வரிசையில் நிற்கிறோம். கண்முன்னே செய்து காட்டுவது வேறு, சோதனையில் நிற்பது வேறு.

ஆகவே யாராவது விற்க வந்தால் சோதனைச் சீட்டு கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்கிற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திர சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களை அங்கே ஓட்டிப் பார்த்து, மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பதுவரை அளந்து அறிக்கை தருகிறார்கள். நம் பக்கத்திலேயே குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரி 1949-லிருந்து நடக்கிறது, மோட்டார் வண்டிப் பொறியியலுக்கென்றே அங்கே தனித் துறை உண்டு. சாமான் உண்மையானால் அளந்து காட்டுவதற்கு என்ன தயக்கம்? இன்னொன்றும் யோசியுங்கள். டிராக்டர் கம்பெனிகள் அரை லிட்டர் மிச்சத்துக்கே ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. ஒரு காந்தத்தில் முப்பது சதம் மிச்சமானால் பாக்டரியிலேயே கட்டி அனுப்பமாட்டார்களா?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டேங்கைத் தலைதட்ட நிரப்புங்கள். ஒரே மண், ஒரே ஈரம் உள்ள பக்கத்துப் பக்கத்து வயலில், அதே கலப்பை, அதே கியர், அதே டிரைவரோடு ஒரு ஏக்கர் உழுங்கள். திரும்ப அதே இடத்தில் நிறுத்தி, லிட்டர் படியால் அளந்து நிரப்புங்கள். சாமானோடு ஒரு முறை, சாமான் இல்லாமல் ஒரு முறை என்று மாற்றி மாற்றி மூன்று தடவை செய்து, நோட்டில் எழுதி வையுங்கள். எப்போது மாட்டியிருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியவேண்டாம். தெரிந்தால் அவர் கால் தானாகவே மெதுவாகப் போகும்.

சரி, மிச்சம் எங்கேதான் இருக்கிறது? வண்டியிலேயே இருக்கிறது. ஏர் கிளீனரைப் புழுதிக் காலத்தில் அடிக்கடி கழுவுங்கள். கரும்புகை வந்தால் மருந்து தேடாமல் நாசிலையும் பம்பையும் காட்டுங்கள், பாரம் அதிகமா என்றும் பாருங்கள். டீசல் குழாயில் விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் போய்விடும். அதை நிறுத்த ஒரு வாஷர் போதும். காலி டிரெய்லர் போன்ற லேசான வேலைக்குப் பெரிய கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுங்கள். காய்ந்த நிலத்தில் சக்கரம் சறுக்கினால் எடை சேர்க்கவேண்டும், பட்டன் தேய்ந்த டயரை மாற்றவேண்டும். கிளட்ச் மேல் கால் வைத்தபடி ஓட்டாதீர்கள். பேசிக்கொண்டு நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் பட்டறைக்கு வருகிறார். காந்தம் வீட்டில் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறதாம். ஏர் கிளீனரை மட்டும் மகன் தவறாமல் கழுவுகிறானாம்.